யாருடைய ‘நாம்’?

தமிழில் தன்மைப் பன்மைக்கு இரண்டு சொற்கள்: நாங்கள், நாம். ‘நாங்கள்’ கேட்பவரை வெளியே நிறுத்தும். ‘நாம்’ கேட்பவரையும் உள்ளே சேர்த்துக்கொள்ளும். இதை 16 ஆண்டுகள் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். சேர்த்துக்கொள்வதற்கு முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டுமா என்பதைப் பற்றி இலக்கண ஆசிரியர் யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. நானும் கவலைப்பட்டதில்லை. 2022 செப்டம்பரில் ஓர் இரவு, சோற்றைப் பிசைந்துகொண்டே என் கணவர் சொன்னார்: “நாம புனே போறோம்.”

அன்று எனக்கு எதுவும் உறைக்கவில்லை. பதவி உயர்வு, நல்ல சம்பளம், பெரிய ஊர். மறுநாள் கேசரி கிளறினேன். அத்தை தொலைபேசியில், “குடுத்து வச்சவடி நீ” என்றார். அலுவலகத்துக்குச் சம்மதம் தெரிவித்து அவர் மின்னஞ்சல் அனுப்பியது செவ்வாய்க்கிழமை. என்னிடம் சொன்னது வியாழக்கிழமை. பிறகு ஒருநாள் பேச்சுவாக்கில் அவரே இதைச் சொன்னார். மறைக்க வேண்டிய விஷயம் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கணவர் நல்லவர். என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் பாதியை உட்கார்ந்து தட்டச்சு செய்து கொடுத்தவர். கொடுமைக்காரக் கணவன்களைப் பற்றிப் பேச நமக்குச் சொற்கள் இருக்கின்றன, சட்டம் இருக்கிறது, காவல் நிலையம்கூட இருக்கிறது. நல்ல கணவன் நம்மைக் கேட்காமல் நம் வாழ்க்கையை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு எடுத்துப்போகும்போது அதை எந்தச் சொல்லால் சொல்வது? “நாங்கள் புனேவுக்குக் குடிமாறினோம்” என்றுதான் நானும் எல்லோரிடமும் சொன்னேன். அந்த வாக்கியத்தின் எழுவாய் பொய். அதைத்தான் இங்கே எழுத வந்தேன்.

இந்தப் பேச்சை எடுத்தால் முதலில் வருவது சம்பளக் கணக்கு. அவர் சம்பளம் என் சம்பளத்தைப்போல் ஐந்து மடங்கு. நான் வேலை பார்த்தது ஒரு கல்லூரியின் சுயநிதிப் பிரிவில். நீண்ட விடுப்பு கிடையாது, போவதென்றால் ராஜினாமாதான். “உன் சம்பளத்தை நம்பி இங்க தனியா ஒரு குடும்பம் நடத்த முடியுமா?” என்று கேட்டார்கள். முடியாது. கணக்கு சரி. ஆனால் அந்த ஐந்து மடங்கு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அவர் பயிற்சிக்கென்று இரண்டு ஆண்டுகள் சென்னையில் இருந்தார். நான் மதுரையில் மாமனார் மாமியாரோடு இருந்தேன். மூன்று ஆண்டுகளில் முடிக்க வேண்டிய ஆய்வை ஒன்பது ஆண்டுகளில் முடித்தேன். நிரந்தரப் பணிக்கு ஆளெடுத்த காலங்களில் என்னிடம் பட்டம் இல்லை. பட்டம் வந்தபோது ஆளெடுப்பு இல்லை. அவருடைய ஐந்து மடங்குக்குள் என்னுடைய ஒன்பது ஆண்டுகள் இருக்கின்றன. முதல் விட்டுக்கொடுத்தலில் பிறந்த வித்தியாசத்தையே அடுத்த விட்டுக்கொடுத்தலுக்குக் காரணமாகக் காட்டுகிறார்கள். இதற்குப் பெயர் நடைமுறை அறிவு.

நவம்பரில் பருவத்தேர்வு முடிந்தது. விடைத்தாள்களைத் திருத்திக் கொடுத்துவிட்டு ராஜினாமாக் கடிதமும் கொடுத்தேன். வீட்டுச் சாமான் ஏற்றும் நிறுவனத்திலிருந்து ஒரு பையன் வந்து காப்பீட்டுக்காகப் பட்டியல் எடுத்தான். குளிர்பெட்டி, சலவை இயந்திரம், பீரோ, கட்டில் என ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை. என் புத்தகங்கள் 23 அட்டைப்பெட்டிகள். “இதுக்கு என்ன மேடம் போட? பழைய புக்குன்னு போட்டுக்கிறேன்” என்று சொல்லி மதிப்புக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்தான். அவன்மேல் கோபமில்லை. அந்தப் படிவத்தில் என் வேலைக்கும் ஒரு வரி இருந்திருந்தால் அங்கேயும் அந்தக் கோட்டைத்தான் இழுத்திருப்பான்.

டிசம்பரில் ஒருநாள், பொழுது விடியுமுன் மதுரையை விட்டுக் கிளம்பினோம். மகள் கோவையில் கல்லூரி விடுதியில் இருந்தாள். காரில் நாங்கள் இருவர் மட்டும். திண்டுக்கல், கரூர், நாமக்கல், சேலம், கிருஷ்ணகிரி, ஓசூர் என்று 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. பெங்களூருக்கு அப்பால் 48ஆம் எண் சாலையில் துமகூரு, சித்ரதுர்கா, ஹுப்ளி, பெலகாவி, கொல்ஹாபூர், சாத்தாரா, புனே. ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர், மூன்று நாள். குடும்பக் குழுவில் அவர் படம் போட்டார்: “நாங்க கெளம்பியாச்சு!” கீழே வரிசையாக வாழ்த்து, இதயம், கைதட்டல்.

எனக்கும் ஓட்டுநர் உரிமம் உண்டு. கோரிப்பாளையம் நெரிசலில் கார் ஓட்டிப் பழகியவள். “ஹைவேஸ், நான் பாத்துக்கிறேன்” என்றார். எனக்கு ஆரஞ்சு உரிக்கிற வேலை, வழி பார்க்கிற வேலை, அவருக்குத் தூக்கம் வராமல் பேசிக்கொண்டிருக்கிற வேலை. ஒவ்வொரு சுங்கச்சாவடியிலும் ஃபாஸ்டேக் கணக்கிலிருந்து பணம் கழிந்ததும் அவர் கைபேசியில் ஒரு செய்தி வந்து விழுந்தது. நான் தண்ணீரைக் குறைத்துக் குடித்தேன். நெடுஞ்சாலையில் பயணம் செய்யும் பெண்ணுக்குக் காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை. பெட்ரோல் நிலையத்துக் கழிப்பறைக்கு உள்ளே போய்த் திரும்பிய முகத்தோடுதான் நாம் ஊர் பார்க்கிறோம். அவர் சாலையோரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் போய் வந்தார்.

நாமக்கல் தாண்டும்போது கண்ணகி நினைவு வந்தாள். ஒரு தம்பதி ஊரை விட்டு ஊர் போகும் கதைகளில் தமிழர்கள் எல்லோரும் அறிந்தது அவளுடையதுதான். புகாரிலிருந்து மதுரைக்குப் பிழைப்புத் தேடி ஒரு நெடுவழிப் பயணம். அவள் வந்த ஊரிலிருந்து நான் போய்க்கொண்டிருந்தேன். அவர்களும் பொழுது விடியுமுன், பெற்றோருக்கும் சொல்லாமல் கிளம்பினார்கள். தொழில் தொடங்க முதல் வேண்டும். அது அவளுடைய சிலம்பு. போகும் ஊரை அவன் தீர்மானித்தான், எழு என்றான், அவள் எழுந்தாள். நாடுகாண் காதையில் சிறிது தொலைவு நடந்ததும் கால் நொந்து, மூச்சு வாங்க, மதுரை எங்கே என்று கேட்கிறாள். அவன் சிரித்துக்கொண்டே ஆறையும் ஐந்தையும் சேர்த்து ஒரு காதக் கணக்குச் சொல்கிறான், பக்கம்தான் என்கிறான். பெருக்கினால் முப்பது காதம். காதில் விழுகிறபோது ஆறோ ஐந்தோ என்று கேட்கும்.

அந்த இடத்தைப் பல ஆண்டுகளாக நான் கண்ணகியின் பேதைமை என்றுதான் நடத்தினேன். உலகம் அறியாத இளம்பெண், தூரம் தெரியவில்லை, பாவம் என்று. கடைசி ஆண்டு ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: “எவ்வளவு தூரம்னு கெளம்புறதுக்கு முன்னாடி அவர் ஏன் மேடம் சொல்லல?” வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனேன். அந்தப் பெண்ணுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். தூரம் தெரியாதது அவள் அறியாமையா? சொல்லாதது அவன் செயல். சொல்லாதவனின் குற்றத்தைக் கேட்காதவளின் குணமாக்கி, அதற்கு மடம் என்று பெயரிட்டு, பெண்ணுக்குரிய நாற்பண்புகளில் ஒன்றாக வைத்துவிட்டோம்.

இளங்கோ நம்மைவிட நேர்மையானவர். கொலைக்களக் காதையில் கோவலனே அதைச் சொல்லிப் புலம்புகிறான்: எழு என்றேன், எழுந்து வந்துவிட்டாயே, என்ன செய்தாய்! அதற்குக் கண்ணகி பதில் சொல்கிறாள். நீங்கள் செய்தது சான்றோர் போற்றாத காரியம் என்று நேருக்கு நேர் சொல்கிறாள். மாறாத மனத்தோடு வாழ்பவள் என்பதால் எழுந்து வந்தேன் என்கிறாள். அதுவரை ஒரு கணக்கும் பேசாத இருவர் அன்றுதான் பேசுகிறார்கள். பேசி முடித்ததும் அவன் சிலம்பை எடுத்துக்கொண்டு போகிறான், திரும்பவில்லை. குடிமாறும் தம்பதிகள் கணக்குப் பேச வேண்டிய நாள் எது என்பதைக் காப்பியம் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

முதல் இரவு பெங்களூரில் தங்கினோம். இரண்டாம் நாள் அவர் காரைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டே வந்தார். தமிழ்நாட்டில் பதிவு செய்த வண்டியை வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். அதற்குப் பழைய ஊரின் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கானதைத் திரும்பக் கேட்கலாம். மாற்றல் ஆகிக்கொண்டே இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை வேண்டாம் என்று 2021இல் ‘பிஎச்’ என்ற பாரத் வரிசை எண்ணையே அரசு கொண்டுவந்திருக்கிறது. காரைப் பற்றி இவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்று எனக்கு வியப்பாக இருந்தது. அதே காரில் இடதுபக்க இருக்கையில் இருந்தவளின் 16 ஆண்டுப் பணிக்கு மறுபதிவு கிடையாது, திரும்பக் கேட்கக்கூடிய பாக்கி கிடையாது. ஒரு மாநிலத் தகுதித் தேர்வு எழுதித் தேறியவள் நான். அந்தச் சான்றிதழ் மாநில எல்லை தாண்டினால் செல்லாது.

சட்டம் இதில் என்ன சொல்கிறது? 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்தில் 9ஆம் பிரிவு இருக்கிறது. தக்க காரணமில்லாமல் விலகியிருக்கும் துணையைச் சேர்ந்து வாழச் சொல்லி வழக்குப் போடலாம். வேலையை விட்டுவிட்டு வர மறுத்த மனைவிகளுக்கு எதிராக இந்தப் பிரிவின்கீழ் சில உயர் நீதிமன்றங்கள் தீர்ப்புச் சொன்ன காலம் உண்டு. 1978இல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு அப்படி ஒரு வழக்கு வந்தது. மனைவி பஞ்சாபில் தலைமை ஆசிரியை; திருமணத்துக்கு முன்பிருந்தே வேலையில் இருந்தவர். கணவர் டெல்லியில். குடும்பம் எங்கே நடத்துவது என்று தீர்மானிக்கும் உரிமை கணவனுக்கு மட்டுமே உண்டு என்பதற்குச் சட்டத்தில் ஆதாரமில்லை, அப்படிக் கொண்டால் அது அரசமைப்பின் 14ஆம் பிரிவு தரும் சமத்துவத்துக்கு எதிரானது என்று நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பு வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகுதான், சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்லப்பட்ட ஒரு வாக்கியத்துக்குப் படித்த நான் கேசரி கிளறினேன். நீதிமன்றம் வரை போகிற மனைவிக்குச் சட்டம் உதவலாம். கேட்கவே தோன்றாத மனைவிக்கு எது உதவும்?

இரண்டாம் இரவு ஹுப்ளி. மூன்றாம் நாள் மகாராஷ்டிரத்துக்குள் நுழைந்து கொல்ஹாபூர் தாண்டியதும் சாலை நெடுகக் கரும்பு. டிராக்டர்களிலும் மாட்டு வண்டிகளிலும் ஆளுயரத்துக்கு மேல் கரும்புக் கட்டுகள். வயலோரங்களில் கறுப்புத் தார்ப்பாய்க் குடிசைகள். ஒரு பெண் தலையில் கரும்புக் கட்டோடு பலகை மேல் ஏறி வண்டிக்கு நடந்துகொண்டிருந்தாள்.

அவர்கள் யாரென்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். மராத்வாடாவின் வறண்ட மாவட்டங்களிலிருந்து, குறிப்பாக பீட் மாவட்டத்திலிருந்து, ஆண்டுதோறும் மழைக்காலம் முடிந்ததும் கரும்பு வெட்ட வருகிறவர்கள். பெரும்பாலும் கணவன் மனைவியாகத்தான் வேலைக்கு எடுக்கிறார்கள். அந்த ஜோடிக்கு ‘கோய்தா’ என்று பெயர். மராத்தியில் அரிவாள் என்று பொருள். இரண்டு பேர், ஓர் அரிவாள். முன்பணம் ஆணின் கைக்குப் போகிறது. வெட்டுவதும் கட்டுவதும் சுமப்பதும் இருவரும். சமைப்பதும் தண்ணீர் எடுப்பதும் பிள்ளை பார்ப்பதும் அவள் மட்டும். ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் அபராதம். மாதவிடாய்க்கு விடுமுறை இல்லை, கழிப்பறை இல்லை. 2019இல் மாநில அரசு அமைத்த குழு பீட் மாவட்டத்தில் கணக்கெடுத்தபோது, கரும்பு வெட்டும் 82,000க்கும் அதிகமான பெண்களில் 13,000க்கும் அதிகமானோர் கருப்பை அகற்றப்பட்டவர்களாக இருந்தார்கள்.

குளிர்சாதனக் காரில் ஆரஞ்சு உரித்துக்கொண்டு வந்த என்னையும் அந்தப் பெண்ணையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன். வைத்தால் அது அவளுக்குச் செய்யும் அவமானம். நான் இழந்தது வேலை. அவள் உடம்பையே கொடுத்திருக்கலாம். ஆனால் எங்கள் இருவரையும் எண்ணுகிற முறை ஒன்றுதான். இரண்டு பேரை ஓர் அலகாக எண்ணு, அலகின் பெயரை ஆணிடம் கொடு, தொகையையும் அவனிடம் கொடு. அங்கே அதன் பெயர் கோய்தா. எங்கள் வீட்டில் அதன் பெயர் ‘நாம்’.

இந்த எண்ணும் முறை புள்ளிவிவரத்திலும் தெரிகிறது. 2020–21ஆம் ஆண்டின் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பெண்களில் 47.9 விழுக்காட்டினர் இடம்பெயர்ந்தவர்கள். ஆண்களில் 10.7 விழுக்காட்டினர். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இது பெண்கள் பயணம் செய்கிற நாடு. இடம்பெயர்ந்த பெண்களில் 86.8 விழுக்காட்டினர் சொன்ன காரணம் திருமணம். ‘வேலையை விட்டு வந்தேன்’ என்பதை எழுத அங்கே கட்டம் இல்லை.

புனேயில் வாகட் பகுதியில் வீடு. வாடகை ஒப்பந்தம் அவர் பெயரில். குடியிருப்பவர் விவரப் படிவத்தைத் தரகரே நிரப்பிக்கொண்டு வந்தார். தொழில் என்ற இடத்தில் என் பெயருக்கு நேரே ‘ஹவுஸ்வைஃப்’ என்று எழுதியிருந்தார். யாரும் என்னைக் கேட்கவில்லை. இல்லத்தரசியாக இருப்பது இழிவென்று நான் நினைக்கவில்லை. என் அம்மா அதைத்தான் செய்தாள், அதில்தான் நான் படித்தேன். ஆனால் எனக்கு ஒரு தொழில் இருந்தது. அதை அடித்துவிட்டு ‘தமிழ் விரிவுரையாளர்’ என்று எழுதினேன். “எந்தக் காலேஜ், மேடம்?” என்று இந்தியில் கேட்டார். பேனாவை மூடிவிட்டேன்.

மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. நான் கவிதை எழுதினேன், இணையவழியில் சில பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தேன், மராத்தி கொஞ்சம் கற்றேன். “அதான் நல்லாத்தானே இருக்கீங்க?” என்பார்கள் தோழிகள். நட்ட இடத்தில் தளிர்ப்பதைப் பெண்ணின் சிறப்பாகப் பாடுகிறோம். பிடுங்கியவர்களுக்கு அந்தப் பாட்டு எவ்வளவு வசதி!

“அன்பு இருக்கிற வீட்டில் கணக்கு எதற்கு?” என்று கேட்பீர்கள். கணக்கில்லாத வீடே இல்லை. சம்பளம், வாடகை, வண்டி, வரி எல்லாவற்றுக்கும் கணக்குப் பார்த்துத்தான் ஊர் மாறினோம். என் பக்கத்தை மட்டும்தான் அன்பில் சேர்த்தார்கள். என் மாணவிகளுக்கும் மகளுக்கும் நான் சொல்வது இதுதான். துணையோடு ஊர் மாறுங்கள், காதலுக்காகக்கூட மாறுங்கள். ஆனால் மின்னஞ்சல் போவதற்கு முன்னால் உட்கார்ந்து பேசுங்கள். எவ்வளவு தூரம், எவ்வளவு காலம், யார் எதை விடுகிறார்கள், விட்டதன் விலை என்ன என்று தாளில் எழுதுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் உங்கள் பெயரும் இருக்கட்டும். உங்கள் பெயரில் ஒரு தொகை தனியாக இருக்கட்டும். தொழில் என்ற கட்டத்தை நீங்களே நிரப்புங்கள். அடுத்த மாற்றம் யாருடைய வேலைக்காக என்பதையும் அதே தாளில் எழுதி வையுங்கள். இதைக் கேட்டதும் கசந்துபோகிற அன்பென்றால், 1,300 கிலோமீட்டருக்கு முன்னாலேயே அது கசந்துவிடட்டும்.

போன மாதம் திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியிலிருந்து எனக்கு வேலைக்கான கடிதம் வந்தது. நிரந்தரப் பணி. சம்மதக் கடிதத்தை எழுதி வைத்தேன், அனுப்பவில்லை. இரவு அவர் சாப்பிட்டு முடித்து, கை கழுவி வந்து உட்கார்ந்த பிறகு சொன்னேன்: “நான் திருநெல்வேலி போகலாம்னு இருக்கேன். நீங்க வர்றீங்களா? வரலைன்னா எப்படி வச்சுக்கலாம்? பேசுவோம்.”

அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்: “அப்ப என் வேலை?”

நல்ல கேள்வி. மூன்று ஆண்டுகளுக்கு முன்னால் அந்த வீட்டில் யாராவது கேட்டிருக்க வேண்டிய கேள்வி. ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டு, இரண்டு பக்கமும் எழுதத் தொடங்கியிருக்கிறோம்.